ஒரே ரயில், ஒரே தெரு: நோட்டில் எதை எழுதுவது?

கேள்வி: தினமும் குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை வரை மின்சார ரயில். இறங்கி தம்புச் செட்டித் தெரு வழியாக என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கும் ஆபீசுக்கு நடை. போனையே பார்த்துக்கொண்டு போவது அலுத்துவிட்டது. வழியில் காண்பதை எழுதலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். நாலாம் நாளே ‘கூட்டம், வெயில், அதே முகங்கள்’ என்பதற்கு மேல் ஓடவில்லை. எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா, பார்க்க ஒன்றும் இல்லையா?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, எழுதும் முறையில்தான். ‘வெயில்’ என்று எழுதியதும் அந்த விஷயம் முடிந்துபோகிறது. மறுநாளும் வெயில்தானே? அதையே ‘8.40, பரங்கிமலை, வலது ஜன்னல் வெயில் எதிர் சீட்டுக்காரர் முழங்கால் வரை’ என்று எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் அதே நேரம், அதே ஸ்டேஷனில் வெயில் எங்கே நிற்கிறது என்று தானாகவே கண் போகும். மணி, இடம், திசை, அப்புறம் பொருள். இந்த நாலும் இல்லாத குறிப்பு பத்து நாளில் செத்துவிடும்.

வெயிலிலேயே தொடங்கலாம், உங்கள் பாதை அதற்கு அமைந்த பாதை. காலையில் வண்டி வடகிழக்காகவும் வடக்காகவும் போகிறது, சூரியன் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பி வருகிறீர்கள், சூரியன் மேற்கே, அப்போதும் வலப்பக்கம்தான். ஆக, போக வர இரண்டுக்கும் இடப்பக்க சீட்டில்தான் நிழல். நுங்கம்பாக்கம் தாண்டித் தண்டவாளம் கிழக்கே வளையும். சேத்துப்பட்டு, எழும்பூர், பூங்கா வரை வெயில் ஏறக்குறைய வண்டியின் முன்பக்கத்திலிருந்து வரும். அந்த வளைவில் ஜன்னல் வெயில் சீட்டை விட்டு இறங்கித் தரையில் நகர்வதைக் குறியுங்கள்.

தம்புச் செட்டித் தெரு வடக்கு தெற்காக ஓடுவதால் காலையில் கிழக்கு ஓரம் நடங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலை கிழக்கு மேற்கு. அங்கே மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது கணக்கு மாறும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி, 12.07 வாக்கில், சென்னையில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி 12.13-க்கு மறுபடியும் அப்படி. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே உச்சிவெயில் வடக்கே சாய்ந்திருக்கும். எனவே வடக்கு ஓரக் கட்டடங்களை ஒட்டி நடந்தால் நிழல். ஜூனில்கூட 10 மீட்டர் கட்டடத்துக்கு 2 மீட்டருக்கும் குறைவான நிழல்தான், ஓர் ஆள் நடக்கப் போதும். டிசம்பரில் தெற்கு ஓரம். அதே கட்டடம் 7 மீட்டருக்கு மேல் நிழல் தரும். ஏதாவது ஒரு கடைப்படியைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருநாள் ஒரே நிமிடத்தில் நிழல் விளிம்பு எங்கே என்று எழுதுங்கள்.

ரயிலில் ‘இடம்’ எழுதுவது சிரமம் என்பார்கள், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே என்ன பெயர் சொல்வது? மின்கம்பிக் கம்பங்களைப் பாருங்கள். மேலே ஓர் எண், கீழே ஓர் எண் இருக்கும். மேலே உள்ளது கிலோமீட்டர், கீழே உள்ளது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. அதுதான் உங்கள் முகவரி. மேல் எண் ஒருமுறை மாறி அடுத்த முறை மாறும்வரை நொடிகளை எண்ணி, 3600-ஐ அதால் வகுத்தால் வண்டியின் வேகமும் கிடைக்கும். 80 நொடி என்றால் மணிக்கு 45 கிலோமீட்டர்.

கம்பத்திலிருந்து கண்ணைக் கீழே இறக்குங்கள். ஸ்டேஷன் நெருங்க நெருங்கத் தண்டவாளத்து ஜல்லி பழுப்பேறியிருக்கும், நடுவழியில் சாம்பல் நிறமாகவே கிடக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில் உதிரும் இரும்புத்தூள் துருப்பிடித்துப் படிவதால் அப்படி. புதிதாக ஜல்லி கொட்டிய இடம் இருந்தால் தேதியோடு குறித்து வைத்து, எத்தனை மாதத்தில் நிறம் மாறுகிறது என்று பாருங்கள். திரிசூலத்தில் வலப்பக்கம் குன்று, இடப்பக்கம் விமான நிலையம். எல்லோரும் விமானத்தைத்தான் பார்ப்பார்கள். குன்றும் லேசுப்பட்டதல்ல: பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இதே வகை என்பதால், 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. உடைத்த முகம் கரும்பச்சை கலந்த சாம்பல், வெயில் மழை பட்ட முகம் பழுப்பு.

மனிதர்களைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தால் முகத்தை விட்டுவிட்டுக் கையை எழுதுங்கள். ஸ்டேஷன் வாசலில் பூ வாங்கும்போது முழம் அளப்பதைக் கவனியுங்கள். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். ஆனால் சரத்தை இழுத்துப் பிடித்து அளப்பவர் உண்டு, தொய்வாக விடுபவர் உண்டு. விரலை நீட்டுபவர், லேசாக மடக்குபவர் உண்டு. கடைசியில் கொசுறாக நாலு பூ விடுகிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டோ மட்டும் வேண்டாம். கேட்காமல் எடுத்தால் தப்பு, கேட்டு எடுத்தால் கை இயல்பாக இருக்காது.

ஒரு வாரத்துக்கு ஒரே பொருள்தான். நிழல் என்றால் நிழல் மட்டும். திங்கட்கிழமையே எல்லாவற்றையும் எழுத முயல்வதுதான் பெரும்பாலும் நோட்டுகளைக் கொல்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். இரவு சாப்பாட்டுக்கு முன் அதை முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் ‘வ.ஜ. மு.கா. வரை’ என்பது உங்களுக்கே புரியாது.

நோட்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவில், அட்டை கெட்டியாக இருக்கட்டும், நின்றுகொண்டே எழுத அதுதான் மேஜை. பால்பாயின்ட் வியர்வை பட்ட தாளில் எழுதாது, இங்க் பேனா மழையில் கரையும். ஹெச்பி பென்சில் பாதியாக வெட்டியது சரி. ஐப்பசி மழை தொடங்கியதும் நோட்டை ஜிப் கவரில் போட்டு, பையின் அடியில் வைக்காமல் மேல் அறையில் வையுங்கள். தண்ணீர் இறங்கித் தங்குவது அடியில்தான்.