200 எம்பிபிஎஸ் இணைய லைன், கடைசி அறையில் 38: குறை எங்கே இருக்கிறது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பழைய காலத்து நீள வீடு. 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு. மோடம் தார்சாவில் (வீட்டின் முன்பகுதியில்) இருக்கிறது. கடைசி அறையில் மொபைலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 38 தான் வருகிறது. லைன்மேன் வந்து பார்த்து, “லைன் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறார். பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் டாக்கர் போட்டுச் சொந்தமாக ஸ்பீட் டெஸ்ட் வைக்கலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது? அதில் வரும் எண்ணைக் காட்டிக் கம்பெனியிடம் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. உங்கள் லேப்டாப்பில் ஓடும் ஸ்பீட் டெஸ்ட், மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான வேகத்தை மட்டுமே அளக்கும். இணையத்தை அது தொடுவதே இல்லை. ஃபைபரைப் பிடுங்கிவிட்டாலும் எண் மாறாது. அதற்காகத்தான் அது தேவைப்படுகிறது. வீட்டுக்குள் ஓடும் தூரத்தைத் தனியாக அளந்துவிட்டால், மீதி வெளியே இருக்கும் குறை.

இதற்கு ஓப்பன்ஸ்பீட்டெஸ்ட், லிப்ரேஸ்பீட் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் பிரபலம். வீட்டுச் சோதனைக்கு முதலாவதே போதும். டேட்டாபேஸ், அமைப்புக் கோப்பு எதுவும் வேண்டாம். டாக்கர் என்பது ஒரு மென்பொருளை, அதற்கு வேண்டியதோடு சேர்த்துத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி. அந்தப் பெட்டிதான் கன்டெய்னர், அதை உருவாக்கும் அச்சு இமேஜ்.

முதலில் லேப்டாப். உபுண்டு சர்வர் அல்லது டெபியன் போடுங்கள். விண்டோஸிலும் டாக்கர் டெஸ்க்டாப் ஓடும். ஆனால் அது ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓடுவதால் பழைய பிராசசர் திணறும். எண் குறைந்தால் வைஃபையின் குறையா, லேப்டாப்பின் குறையா என்று தெரியாது. டாக்கரின் அதிகாரப்பூர்வ நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டி, உங்கள் பயனர் பெயரை டாக்கர் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள். லாக்அவுட் ஆகாமல் கட்டளை அடித்தால் அனுமதி இல்லை என்றுதான் வரும். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். லாகின்டி அமைப்புக் கோப்பில் (/etc/systemd/logind.conf) ஹேண்டில் லிட் சுவிட்ச் (HandleLidSwitch) வரியை ‘இக்னோர்’ என்று மாற்றி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

அடுத்தது ஒரே கட்டளை. டாக்கர் ரன் என்று தொடங்கி, பின்னணியில் ஓடுவதற்கான ‘டி’ (-d), கரண்ட் போய் வந்தாலும் தானே எழுந்திருக்க ரீஸ்டார்ட் ‘அன்லெஸ் ஸ்டாப்டு’ (--restart unless-stopped), அழைக்க ஒரு பெயர் (--name), போர்ட்டுக்கு ‘பி’ (-p) போட்டு 3000:3000, கடைசியில் இமேஜின் பெயராக ஓப்பன்ஸ்பீட்டெஸ்ட், சாய்கோடு, லேட்டஸ்ட் (openspeedtest/latest). போர்ட் என்பது இங்கே கணினிக்குள் நுழையும் வாசலின் எண். அதில் இடப்பக்க எண் லேப்டாப்புக்கு, வலப்பக்க எண் கன்டெய்னருக்கு. 3000-இல் ஏற்கெனவே வேறு ஏதாவது ஓடினால், போர்ட் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பிழை வரும். அப்போது 3100:3000 என்று இடப்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். வலப்பக்கத்தை மாற்றினால் கன்டெய்னர் ஓடும், பக்கம் திறக்காது.

மொபைல் பிரௌசரில் லேப்டாப்பின் ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 3000 (இடப்பக்கத்தை மாற்றியிருந்தால் அந்த எண்) என்று அடியுங்கள். முன்னால் எச்டிடிபி என்பதையும் சேர்த்து அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் சில பிரௌசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ் போட்டுப் பார்த்து, திறக்கவில்லை என்று கையை விரித்துவிடும். கட்டளையில் 3001:3001 என்று இன்னொரு ‘பி’-யும் சேர்த்தால் 3001 போர்ட்டில் எச்டிடிபிஎஸ் கிடைக்கும். ஆனால் சான்றிதழ் எச்சரிக்கை வரும், பழைய பிராசசருக்குக் குறியாக்க வேலையும் கூடும். அப்படியும் பக்கம் வராவிட்டால் மொபைல் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்டில் இருப்பவருக்கு உள்ளே இருக்கும் கருவிகள் தெரியாது. விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான பகுதி. லேப்டாப்பை மோடத்தோடு வயரில்தான் இணைக்க வேண்டும். லேப்டாப்பும் வைஃபை, மொபைலும் வைஃபை என்றால் ஒரே காற்றை இருவரும் பங்கு போட்டு, எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். வயரில் இணைத்த பிறகு எத்டூல் கட்டளையில் வேகம் 1000 என்று வருகிறதா பாருங்கள். 100 என்று வந்தால் எந்தச் சோதனையும் 94, 95-ஐத் தாண்டாது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். மலிவான பழைய லேப்டாப்களில் வயர் செருகும் போர்ட்டே 100 தான். கம்பெனி தரும் பல மோடங்களில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100. பெரும்பாலும் முதல் போர்ட்தான் கிகாபிட். மூன்றாவது, நம் ஊரில் அதிகம் மாட்டுவது, கேபிள். கேட் 5இ வயருக்குள் எட்டு இழை. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டும் இருந்தாலும் 100-இல் லைட் எரியும். கேமரா மாட்ட வந்தவர் நான்கு இழையை மட்டும் கிரிம்ப் செய்து, மீதியை வெட்டிவிட்டுப் போயிருப்பார். கண்ணாடி போன்ற ஆர்ஜே45 கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினால் தெரிந்துவிடும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால், எட்டும் இருந்தும் வளைவில் ஒன்று முறிந்திருக்கலாம்.

வயர் சரியென்றால் மொபைலை எடுத்துக்கொண்டு நடங்கள். தார்சாவில் ஒன்று, பட்டாசலில் (கூடத்தில்) ஒன்று, அடுக்களையில் ஒன்று, மச்சில் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், மோடம் அருகே நல்ல மொபைல் 400-ஐத் தாண்டும். சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் சுவர் இரண்டைக் கடந்தால் அந்த அலைவரிசை கிட்டத்தட்ட அற்றுப்போகும். மொபைல் தானாக 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஆன்டெனா இணைப்பு 72 எம்பிபிஎஸ் என்று காட்டும். கைக்குக் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்றுக் கூட. உங்கள் 38 அந்த எண்ணோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆகவே எங்கள் ஊகம், லைன்மேன் சொன்னது சரி. கடைசி அறையில் உள்வீட்டுச் சோதனையும் 40 அருகே வந்தால் ஊகம் உறுதி. அப்போது பிளானை 500-க்கு ஏற்றினாலும் காசுதான் போகும். பட்டாசலைத் தாண்டி ஒரு வயர் இழுத்து, அங்கே வைஃபை தரும் இன்னொரு கருவி (அக்சஸ் பாயின்ட்) வைப்பதுதான் வழி. வயர் இழுக்காமல் ஒட்டவைக்கும் ரிப்பீட்டர் வேண்டாம். கேட்டதையே திரும்பச் சொல்வதால் பெரும்பாலான மாடல்களில் வேகம் பாதியாகும்.

மாறாக உள்ளே 200-க்கு மேல் வந்து, அதே இடத்தில் இணைய ஸ்பீட் டெஸ்ட் மட்டும் 38 என்றால் குறை வெளியே. அதை நிரூபிக்க ஒருநாள் எண் போதாது. ஸ்பீட்டெஸ்ட் டிராக்கர் என்ற இன்னொரு கன்டெய்னரை அதே லேப்டாப்பில் ஓட்டுங்கள். அது குறித்த நேரத்தில் ஊக்லாவின் (ஸ்பீட்டெஸ்ட் தளத்தை நடத்தும் கம்பெனி) இணையச் சோதனையை ஓட்டி வரைபடமாகச் சேமிக்கும். ஆப் கீ என்ற ரகசியச் சாவியை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கக் கருவி கொண்டு உருவாக்கிக் கொடுக்காவிட்டால் அது எழும்பாது. நேர மண்டலத்தை ஏசியா, கொல்கத்தா என்று வையுங்கள். இல்லையென்றால் இரவு 9 மணிச் சோதனை பிற்பகல் 3:30 என்று பதிவாகும். சோதனை சர்வரையும் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். ஒருநாள் சென்னை, ஒருநாள் பெங்களூரு என்றால் ஒப்பிடவே முடியாது.

மணிக்கு ஒருமுறை ஓட்டும் ஆசை வரும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 200 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 25 எம்பி (மெகாபைட்). பத்து நொடி இறக்கம், பத்து நொடி ஏற்றம் என்று கணக்கிட்டால் ஒரு சோதனைக்கு 500 எம்பி, நாளுக்கு 12 ஜிபி, மாதம் 360 ஜிபி. காலை 7, மதியம் 2, இரவு 9 போதும். ஓட வேண்டிய நேரத்தைக் குறிக்கும் கிரான் வரியில் 0 7,14,21 * * * என்று எழுதுங்கள். சாரல் காலத்தில் கரண்ட் கண்சிமிட்டினால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், மோடம் மட்டும் அணையும். அந்தத் தோல்வியெல்லாம் லைன் குறையாகப் பதிவாகிவிடும். மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் உறவினரும் சோதித்துப் பார்க்கட்டும் என்று இந்தப் பக்கங்களை வெளியே திறந்துவிடாதீர்கள். மோடத்தின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், பலருக்கு ஒரே முகவரியைப் பகிரும் ஏற்பாட்டில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வருவதை லேப்டாப்புக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டு செய்தாலும் வராது. வந்தாலும் ஓப்பன்ஸ்பீட்டெஸ்ட் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு கிடையாது. உபுண்டுவின் யுஎஃப்டபிள்யு என்ற ஃபயர்வால் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். டாக்கர் திறக்கும் போர்ட் அந்த விதிகளைத் தாண்டியே போகும்.

இரண்டு வாரப் பதிவு கையில் இருந்தால், எப்போது விழுகிறது என்று பாருங்கள். காலையில் 190, இரவு 9-க்கு மட்டும் 60 என்றால் கம்பெனியின் பக்கம், பலர் பகிரும் இணைப்பில் நெரிசல். லைன்மேன் வந்து பயனில்லை, எழுத்துப்பூர்வமாகப் புகார் எண் வாங்கி வரைபடத்தை இணையுங்கள். நாள் முழுக்கக் குறைவு, இடையிடையே அறுபடுகிறது என்றால் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவரை (ஃபைபர் வழியே மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவை) பாருங்கள். மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25 டிபிஎம் வரை நலம். மைனஸ் 27, 28 என்று இருந்தால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு. லைன்மேனை அப்போது கூப்பிடுங்கள், பவர் மீட்டரோடு வரச் சொல்லுங்கள்.