கடல்நீர் மீன்களில் வெள்ளைப்புள்ளி மறைந்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

புள்ளி மறைவது குணமானதற்கு அடையாளம் இல்லை. இந்த நோயைத் தரும் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி சில நாள் தோலிலும் செவுளிலும் தின்றுவிட்டு உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடாகி, உள்ளே பல நூறாகப் பெருகுகிறது. கூட்டையும், தோலுக்கடியில் புதைந்ததையும் தாமிர மருந்து தொடாது. கூட்டிலிருந்து நீந்தி வரும் ஒட்டுண்ணிக் குஞ்சுகளைத்தான் கொல்லும்.

ஆகவே புள்ளியில்லாத மீன் உட்பட எல்லாவற்றையும் மணல், பாறை இல்லாத தனித்தொட்டிக்கு மாற்றுங்கள் (பாறை தாமிரத்தை உறிஞ்சி அளவைக் கவிழ்த்துவிடும்). அயனித் தாமிரம் (எதனுடனும் பிணையாமல் நீரில் கரைந்திருக்கும் வகை) என்றால் லிட்டருக்கு 0.15–0.20 மில்லிகிராம், 2 நாளில் மெல்ல ஏற்றி, 30 நாள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் டெஸ்ட் கிட்டில் அளக்க வேண்டும். கீலேட் வகைக்கு (தாமிரத்தை வேறொரு சேர்மம் பிணைத்து வைத்திருப்பது) அளவே வேறு, புட்டியில் உள்ளபடி விடுங்கள்.

பவளமும் இறாலும் உள்ள பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூட வேண்டாம், செத்துவிடும். அதை 76 நாள் மீனில்லாமல் விட்டால் போதும்.