வைட்டமின் டிரிப் போட்டுக்கொண்டால் அசதி போகுமா?

கேள்வி: எனக்கு வயது 42. தஞ்சாவூர் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்து 15 வருடமாகச் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், பாலர் பள்ளி ஆசிரியர். எட்டு மாதமாக அசதி தீரவில்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் எழும்போதே ஓய்ந்துபோய் எழுகிறேன். ரயில் நிலையத்தில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சர்க்கரைக்கு ஆறு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நாங்கள் சைவம். மாதவிலக்கு இரண்டு வருடமாக அதிகம் போகிறது. ராத்திரியில் உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறது, அது நிறைய நிற்பதால் இருக்கலாம். என் நாத்தனார் நகரில் ஓர் இடத்தில் வைட்டமின் டிரிப் போட்டுக்கொண்டு, “புது உயிர் வந்த மாதிரி இருக்கு அண்ணி” என்கிறார். ஐந்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?

பதில்:

அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள் அம்மா. இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். நீங்கள் கேட்டது டிரிப்பைப் பற்றி. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள்தான் என்னை உட்கார வைத்தன: ஆறு வருட மெட்ஃபார்மின், சைவச் சாப்பாடு, அதிகம் போகும் மாதவிலக்கு. நான்காவதாக அந்த உள்ளங்கால். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டிரிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காய்ச்சலோ மயக்கமோ வந்தால் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்” என்பார்கள். என் பாட்டியும் அப்படித்தான், பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் என்று நம்புவார். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. இனிப்பாகக் குடிக்கிற தே தாரிக்கில் கிடைப்பதைவிட அது பெரிதாக ஒன்றும் இல்லை. உப்புநீர் பாட்டில் என்றால் அரை லிட்டர் தண்ணீரில் நாலரை கிராம் உப்பு. வாந்தி பேதியில் வற்றிப்போனவருக்கு அது உயிர் காக்கும். வற்றாதவருக்கு அது வெறும் உப்புத் தண்ணீர்தான்.

இப்போது நகரில் போடப்படுவது அந்த உப்புநீரோடு சி, பி வைட்டமின்கள், மெக்னீசியம், சில இடங்களில் குளுட்டாதயோன் எல்லாம் கலந்தது. இதைத் தொடங்கியவர் அமெரிக்காவில் பால்டிமோரைச் சேர்ந்த ஜான் மையர்ஸ் என்ற மருத்துவர். 1984இல் அவர் இறந்த பிறகு அவருடைய நோயாளிகளைப் பார்த்த ஆலன் கேபி என்ற மருத்துவருக்கு, மையர்ஸ் எதை எந்த அளவில் கலந்தார் என்பதே சரியாகத் தெரியவில்லை. தானே ஒரு கலவையை வகுத்துக்கொண்டு, 2002இல் தன் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். இன்று ‘மையர்ஸ் காக்டெயில்’ என்று ஓடுவது அந்த வழியில் வந்ததுதான்.

அது வேலை செய்கிறதா என்று முறையாகச் சோதித்தவர்கள் குறைவு. உடம்பெல்லாம் வலியும் அசதியுமாக வாடும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 34 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு வைட்டமின் கலவை, மறுபாதிக்கு வெறும் திரவம், வாரம் ஒன்றாக எட்டு வாரம். யாருக்கு எது ஏறுகிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. இரண்டு பக்கத்தாருமே தேறினார்கள். இரண்டுக்கும் நடுவே உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டிரிப்புக்குச் சாதகமானதையும் சொல்ல வேண்டும். தென்கொரியாவில் 141 அலுவலக ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வந்தது. பத்து கிராம் வைட்டமின் சி ஏற்றிக்கொண்டவர்களுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், மறுநாளும் அசதி சற்றுக் குறைந்திருந்தது. அளந்தது மறுநாள் வரைக்கும்தான். உங்கள் அசதிக்கு எட்டு மாத வயது.

ஆகவே உங்கள் நாத்தனார் பொய் சொல்லவில்லை. சாய்வு நாற்காலியில் முக்கால் மணி நேரம் கைபேசி இல்லாமல் படுத்திருக்கிறார், ஒருவர் அக்கறையாகப் போர்வை போர்த்துகிறார், உடம்புக்குள் அரை லிட்டர் நீர் போகிறது. மெக்னீசியம் ஏறும்போது தொண்டையிலிருந்து மார்பு வரை வெதுவெதுப்பு பரவும், வாயில் மாத்திரைச் சுவை வரும். ஏதோ பலமாக நடக்கிறது என்று மனம் நம்பிவிடும். அன்று சாயங்காலம் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அது பி2 வைட்டமின். உடம்பு தனக்குத் தேவையில்லாததைச் சிறுநீரகம் வழியாக வெளியே அனுப்புகிறது. ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் குடலைத் தாண்டி நேரே போகிறது என்பது உண்மை. குடல் உறிஞ்சாதவருக்கு அது பெரிய விஷயம். குடல் நன்றாக இருப்பவருக்கு அதனால் ஆகப்போவது அதிகமில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

பி12 வைட்டமினை எந்தச் செடியும் செய்வதில்லை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, பி12 கிடையாது. சைவர்களுக்குப் பால், தயிர் வழியாகக் கொஞ்சம் வருகிறது. அந்தக் கொஞ்சத்தையும் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச விடாமல் மெட்ஃபார்மின் தடுக்கிறது. அளவு கூடக்கூட, வருடம் ஏற ஏற, இது அதிகமாகும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதைப் ‘பரவலான’ பக்கவிளைவு என்று வகைப்படுத்தியது. மெட்ஃபார்மின் சாப்பிடுவோரில் பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்றது. கல்லீரலில் வருடக் கணக்குக்குச் சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்துத்தான் காட்டும். நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. குறைவதை ஈடுகட்டினால் போதும்.

அடுத்தது இரும்பு. மாதாமாதம் அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கு இருப்பு கரைந்துகொண்டே வரும். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தால் ‘ரத்தம் நல்லா இருக்கு’ என்று விட்டுவிடுகிறோம். இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். பிரான்ஸில் 198 பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எல்லோரும் அசதி என்று வந்தவர்கள், யாருக்கும் ரத்தசோகை இல்லை, ஃபெரிட்டின் மட்டும் 50க்குக் கீழே. 12 வாரம் தினமும் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அசதி மதிப்பெண் 48 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 29 விழுக்காடு. சாதாரண மாத்திரைதான் அம்மா, ஊசி கூட இல்லை.

பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ இவற்றைக் கேளுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், மூன்று மாதச் சர்க்கரை அளவு, வைட்டமின் டி. படியேறினால் மூச்சு வாங்குவதை மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு இதயக் கோளாறு மார்வலி இல்லாமலும் வரும், அதனால் ஒரு இசிஜி எடுத்துவிடுவது நல்லது. ரத்த அணுக்கள் சிறிதாக இருந்தால் அது இரும்புக் குறையாகவும் இருக்கலாம், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாகவும் இருக்கலாம். தலசீமியா என்றால் இரும்பு தேவைப்படாமலே போகலாம். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் எட்டு மணி நேரம் தூங்கியும் களைத்துத்தான் எழுவார்கள். எதிலும் பிடிப்பில்லை, பிள்ளைகள் சிரித்தாலும் சிரிக்க வரவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு உடம்பு அசதியாகவே முகம் காட்டும். நீங்கள் குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதி பெற்றவர் என்றால் 40 வயது தாண்டியதால் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரோடு பதிந்துகொள்ளலாம். ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்ப்பது அசதி போன்ற பிடிபடாத தொல்லைக்கு மிக உதவும்.

டிரிப்பை ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் போடவே வேண்டாம். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒருவருக்கு பி12 அளவு மிக உச்சத்தில் இருந்தது. துருவிக் கேட்டபோதுதான் முந்தின வாரம் டிரிப் போட்டதைச் சொன்னார். அதற்கு முன் உண்மையில் குறைந்திருந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போயிற்று. முடிக்கும் நகத்துக்கும் என்று கலக்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமின் தைராய்டு பரிசோதனையையே தவறாகக் காட்டவைக்கும்.

ஆபத்தும் உண்டு, உங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே. அதிக அளவு வைட்டமின் சி ஏறியிருக்கும்போது விரலில் குத்திப் பார்க்கும் சில சர்க்கரைக் கருவிகள் அளவை உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போடுகிறவர் தாழ்சர்க்கரையில் விழுவார். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் வைட்டமின் சி ஆக்சலேட் என்ற உப்பாக மாறி அங்கே படிந்து அதைக் கெடுக்கும். இன்னொன்று ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது. இது உள்ளவருக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைத் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்திருந்தால் அவர்களுக்குப் பார்த்திருப்பார்கள். நீங்கள் பிறந்த காலத்தில் தஞ்சாவூரில் அந்த வழக்கம் இல்லை. உங்கள் நாத்தனாரும் ஊரில் பிறந்தவர் என்றால் அவரிடமும் சொல்லுங்கள்.

ரத்தக்குழாய் வழியாகப் போடும் சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர், குடல் நோயுள்ளவர், மாத்திரையால் ஈடுகட்ட முடியாத அளவு ரத்தம் இழப்பவர் ஆகியோருக்கு இரும்பை டிரிப்பாகவே ஏற்றுகிறோம். இப்போதுள்ள மருந்தில் ஒரே அமர்வில் 1000 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். முடிந்ததும் ஒவ்வாமை வருகிறதா என்று அரை மணி நேரம் பார்த்துக்கொள்வோம். என்ன குறைகிறது என்று தெரிந்து, அந்த ஒன்றை, தேவையான அளவில் கொடுக்கிறோம்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இருந்தும் டிரிப் போட்டுப் பார்க்கவே விரும்பினால், அது உங்கள் முடிவு. உரிமம் பெற்ற மருந்தகத்தில், மருத்துவர் நேரில் பார்த்துக் கேள்வி கேட்ட பிறகு மட்டும் போடுங்கள். அவர் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளப் பதிவேட்டில் தேடிப்பாருங்கள். பையில் எது எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் கேளுங்கள். பி6 அதிக அளவில் தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் அதுவே கால் நரம்பைக் கெடுக்கும் என்பதால் உங்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முகம் சுளிக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து போடுகிறோம் என்பவர்களை ஏற்காதீர்கள். ஐந்து முறைக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.

இரும்பு குறைவு என்று வந்தால் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பலருக்கு வயிற்றுக்கும் இதம், உறிஞ்சுவதும் நன்றாக இருக்கும். சாப்பிட்ட கையோடு தேநீரும் கோப்பியும் குடிக்கிற பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், அவை இரும்பைக் கட்டிப்போடும். பதிலுக்கு இரண்டு துண்டு கொய்யா சாப்பிடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். மாதவிலக்கு ஏன் அதிகம் போகிறது என்று மகப்பேறு, மகளிர் நல மருத்துவரிடம் பார்க்காமல் விட்டால் இரும்பு ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த உள்ளங்கால். நிறைய நிற்பதால் என்று நீங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டீர்கள். மதமதப்பு சர்க்கரையால் வரலாம், பி12 குறைவாலும் வரலாம், இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பி12 என்றால் தசையில் போடும் ஊசி பலதுறை மருந்தகத்திலேயே கிடைக்கும், அசதி சில வாரங்களில் விலகத் தொடங்கும். கால் நரம்பு மீள மாதங்கள் ஆகும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் முழுதாக மீளாமலும் போகலாம். பள்ளி விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வியாழன், வெள்ளிக்குள் ஒரு நாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். காலணியைக் கழற்றி, பாதத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.