34 பேரோடு உபின் தீவுக்கு: முதலில் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழுவில் 22 பேர், 13 முதல் 20 வயது. ஜூன் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நான்கு குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். மொத்தம் 34 பேர். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் மூவர், எழுபது தாண்டிய பாட்டி ஒருவர். காலை 10 மணிக்குச் சாங்கியில் கூடி, சைக்கிளில் தீவின் கிழக்குக் கோடியில் உள்ள செக் ஜாவா சதுப்புக் கரைக்குப் போய், கட்டிக்கொண்டு போன பிரியாணியைச் சாப்பிட்டு, மாலை 5 மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இடம் நல்ல தேர்வு. நேரம்தான் சரியில்லை. பத்து மணிக்குக் கூடினால் கடைசி ஆள் வந்து சேர்ந்து, படகேறி, சைக்கிள் எடுத்துக் கிளம்ப பதினொன்றரை ஆகிவிடும். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டித்தான். நம் கடிகாரம் இந்த ஊருக்குரிய சூரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக முந்தி ஓடுவதே காரணம். ஆக, வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில்தான் உங்கள் பிள்ளைகள் மேட்டில் சைக்கிள் மிதிப்பார்கள்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: 7.15-க்குச் சாங்கி முனைப் படகுத்துறை, 7.45-க்குள் எல்லாரும் படகில், 8.15-க்குச் சைக்கிள், 8.45-க்குச் செக் ஜாவா, 10.15-க்குத் திரும்பல், 11.30-க்குப் படகு, 12 மணிக்குச் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் மின்விசிறிக்கடியில் மதியச் சாப்பாடு. வாலிபர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

படகுக் கணக்கு எளிது. ஒரு பம்போட்டில் (சிறு மோட்டார் படகு) 12 பேர். ஒருவழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி. நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். நீங்கள் 12, 12, 10 என்று பிரிவீர்கள். மூன்றாம் படகுக்கு வேறு இருவர் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது காலி இருக்கைக்கான 8 வெள்ளியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ரொக்கத்தைச் சில்லறையாக ஒருவரிடமே கொடுத்து வையுங்கள். இந்தப் பிரிவையே நாள் முழுவதும் குழுவாக வைத்துக்கொள்வது நல்லது: படகுக்கு ஒரு தலைவர், அவர் கையில் 12 பெயர்கள். 34 பேரை ஒருவர் எண்ணினால் யாராவது விட்டுப்போவார்கள். 12 பேரை எண்ணினால் விட்டுப்போகாது. படகேறும்போது, சைக்கிள் கடையில், செக் ஜாவா வாசலில், திரும்பும் படகில் என நான்கு இடங்களில் பெயர் கூப்பிடுங்கள்.

தேதியைக் குறிக்கும்முன் கடல்மட்ட அட்டவணையையும் பாருங்கள். 2001 இறுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தை ஒத்திவைத்ததால் பிழைத்த இடம் செக் ஜாவா. அதன் அழகெல்லாம் நீர் வற்றும்போதுதான் தெரியும். நீர்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் பலகைப் பாதையிலிருந்தே நண்டு, கடற்புல் எல்லாம் கண்ணில் படும். மட்டம் உயர்ந்திருந்தால் வெறும் கடலைத்தான் பார்ப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் வற்றும்; ஆண்டின் நடுப்பகுதியில் அந்த வற்றம் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் அதிகாலையிலும் வரும். செக் ஜாவா 8.30-க்குத் திறக்கிறது. கதவு திறந்ததும் உள்ளே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சைக்கிள். படகுத்துறையிலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூரம் பெரிதல்ல. மேடேறும்போது களைத்து, இறக்கத்தில் பிரேக் போடத் தெரியாமல் விழுவதுதான் வழக்கமாக நடப்பது. முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் ஆள் கைப்பிடிக்கு மேலே பறந்துவிடுவார். இறக்கம் தொடங்குமுன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். கடையில் வண்டியை எடுக்கும்போது பிரேக் பிடியை முழுதாக அழுத்திப் பாருங்கள். கைப்பிடியைத் தொட்டால் வேறு வண்டி கேளுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் பெரிதாக உள்ளே போகக்கூடாது. இருக்கையில் அமர்ந்து குதிகாலை மிதியில் வைத்தால், மிதி அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். தாழ்ந்த இருக்கையால்தான் பாதிப் பேருக்கு முழங்கால் வலிக்கிறது. ஜப்பான் செருப்பு (ரப்பர் செருப்பு) வேண்டாம், தலைக்கவசம் எல்லாருக்கும். வரிசையில் நிதானமாக ஓட்டுபவர் முதலில், நன்றாக ஓட்டத் தெரிந்த பெரியவர் கடைசியில். ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசி ஆள் வரும்வரை நின்று கிளம்ப வேண்டும். செக் ஜாவாவுக்குள் சைக்கிளுக்கு அனுமதியில்லை. வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

பாட்டியையும் சிறு பிள்ளைகளையும் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே வாடகை வேன் கிடைக்கும். போகவும் திரும்பவும் சேர்த்து விலை பேசி, திரும்ப எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். படகில் ஏறி இறங்கும்போது பாட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், படகு ஆடும்.

வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்குதான். நம் ஊரில் காற்றின் ஈரத்தால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் வெப்பமானியில் தெரியும் 32 பாகையை மட்டும் நம்பாதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியில் வெப்ப அழுத்த நிலை வரும். அது வெப்பத்தோடு ஈரம், காற்று, வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு, வெப்பமானி காட்டும் பாகை அல்ல: 31 பாகைக்குக் கீழே குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-உம் அதற்கு மேலும் கடுமை. மிதம் என்றால் ஓய்வை இரட்டிப்பாக்குங்கள். கடுமை என்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள். ஆண்டு முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்தவர்களுக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் மாலையில் அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னால் பெரிய உதவி. பயண வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர் வர வேண்டாம்.

தண்ணீர்: மிதிக்கும்போது 20 நிமிடத்துக்கு 200 முதல் 250 மி.லி. தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பதும் தவறு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கையில் இருக்கட்டும், பொதுவில் 24 சிறு புட்டிகள் கொண்ட பெட்டி ஒன்றை வேனில் போடுங்கள். தீவின் குழாய் நீர் குடிக்க அல்ல. உப்புக்கரைசல் பொட்டலம் பத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது உளறினால், தள்ளாடினால், கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொன்னால் அது வெறும் களைப்பு அல்ல. வியர்க்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். உடனே ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். அதற்குள் நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

பிரியாணியை விட்டுவிடுங்கள். விடியற்காலை ஐந்துக்கு இறக்கிய அண்டாவை ஒரு மணிக்குத் திறந்தால் எட்டு மணி நேரம்; சமைத்த உணவை வெளியே வைத்திருக்க நான்கு மணி நேரம்தான் எல்லை. இடையில் பசிக்கு வாழைப்பழம், ரொட்டி, கடலை போதும். அதையும் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள். பை என்றால் உணவு என்று குரங்குகளுக்குத் தெரியும்; ஜிப் போட்ட முதுகுப்பையே பாதுகாப்பு. காட்டுப்பன்றிக்கோ குரங்குக்கோ தின்னக் கொடுத்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

சதுப்பில் கொசுவும் மணல் ஈயும் கடிக்கும். முதலில் வெயில் களிம்பு, அது ஊறியபின் 20 முதல் 30 விழுக்காடு டீட் (DEET என்ற மருந்துப் பொருள்) உள்ள பூச்சி விரட்டி. வரிசை மாறினால் களிம்பு தேய்க்கும்போது விரட்டியும் கலைந்துவிடும்.

ஜூனில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும்தான் அடிக்கும். ஆகவே 6.30-க்கு மழை ரேடாரைப் பார்த்து முடிவெடுக்க ஒரே ஒருவரை நியமியுங்கள். 34 பேர் வாட்ஸ்அப்பில் வாக்கெடுத்தால் எதுவும் முடியாது. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும், அதுவரை சாங்கி வில்லேஜில் காலை உணவு. தீவில் இருக்கும்போது மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் பலகைப் பாதையையும் செக் ஜாவாவில் உள்ள 20 மீட்டர் ஜெஜாவி பார்வைக் கோபுரத்தையும் விட்டு உடனே இறங்குங்கள். மரத்தடியும் சுவரில்லாத கூரையும் மின்னலைத் தடுக்காது; செக் ஜாவாவின் பழைய வீடு போன்ற கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.

பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் வாங்கும்போது ஒவ்வாமை, ஆஸ்துமா, சாப்பிடும் மருந்து, அவசரத் தொலைபேசி எண் நான்கையும் கேளுங்கள். ஆஸ்துமா இருப்பவர் இன்ஹேலரைத் தம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். வேனில் இருந்தால் உதவாது. படகேறுமுன் எல்லாரும் கைப்பேசியில் தானியங்கி நெட்வொர்க் தேர்வை அணைத்து, சிங்கப்பூர் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள். உபினில் எதிர்க்கரை மலேசியாவின் ஜோகூர் அலைவரிசை பிடித்துக்கொள்ளும். ரோமிங் கட்டணம் ஒருபுறம், அழைக்க வேண்டிய நேரத்தில் எண் கிடைக்காமல் தடுமாறுவது மறுபுறம்.