தோட்டத்தில் போர்வெல் போடும்போது எந்தப் பாறைக்கு எந்த பிட்? ஒரே பிட் 800 அடிக்கும் போதுமா?

திருச்செங்கோட்டு ரிக் (போர் போடும் வண்டி) ஒன்றில் ஹெல்பராக ஏறி, பிட் என்ற துளைக்கும் முனையைத் தாங்கும் இரும்புக் குழாயான ராடு மாட்டி, அப்புறம் டிரில்லராகி, மொத்தம் பதினாறு வருடம் அந்த வண்டியோடு அலைந்தவன் நான். நீங்கள் தர்மபுரிப் பக்கம் 800 அடி போடப் போவதாகவும், ரிக்காரர் "எந்தப் பாறைனாலும் ஒரே பிட்தாங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னதாகவும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தோட்டக்காரர் பிட்டைப் பற்றிக் கேட்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் தேய்ந்த பிட் எல்லாம் குழிக்குள் இறங்குகிறது.

முதலில் மேல்மண். செம்மண், மொரம்பு, அதற்குக் கீழே கையிலேயே உதிர்கிற சிதைந்த பாறை. இங்கே பிட்டின் முகத்தில் பதித்த பட்டன் எப்படி இருக்கிறது என்பதைவிட காற்று போய்வரும் வழிதான் முக்கியம். களி வந்தால் பிட்டின் முகத்தில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொள்ளும், பிட்டுக்குப் பின்னால் காற்றழுத்தத்தில் இயங்கும் ஹேமர் அடிப்பது நின்றுவிடும், அந்த நேரத்தில் அவசரப்பட்டு மேலிருந்து அழுத்தினால் ராடோடு சிக்கிக்கொள்ளும். தண்ணீரும் ஃபோமும் விட்டு, தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். இந்தப் பகுதிக்குப் பெரிய பிட், மண் சரியாமல் தடுக்கும் கேசிங் பைப் தாராளமாக இறங்கும் அளவில் வேண்டும். கெட்டிப் பாறைக்குள் சில அடி போன பிறகுதான் கேசிங் நிற்க வேண்டும். ரெண்டு பைப் மிச்சம் என்று சிதைந்த பாறையிலேயே நிறுத்தினால், ஒரு மழைக்காலம் தாண்டினதும் மண் உள்ளே சரிந்து மோட்டாரை மூடும்.

இனி கெட்டிப் பாறை. நாங்கள் ஓட்டுவது பட்டன் பிட். இரும்பு முகத்தில் டங்ஸ்டன் கார்பைடு பட்டன்கள் பதித்திருக்கும், பின்னால் ஹேமர் காற்றின் வேகத்தில் அடிக்க அடிக்க அந்தப் பட்டன்தான் பாறையை நொறுக்கும். பட்டன் முக்கியமாக ரெண்டு வகை. தோட்டா முனை மாதிரி நீண்டு நிற்பதைப் பாலிஸ்டிக் என்பார்கள், அரை உருண்டையாக இருப்பது ரவுண்டு. பாலிஸ்டிக் பாறைக்குள் ஆழமாக ஏறும், மிதமான பாறையில் வேகமாக இறங்கும், ஆனால் மிகக் கெட்டியான பாறையில் முனை உடையும். ரவுண்டு பட்டன் மெதுவாகத்தான் போகும், அடி தாங்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து சார்னோகைட், கிரானைட், நைஸ் என்ற பாறைகள் எல்லாம் கெட்டி ரகம், அதற்கு ரவுண்டு பட்டன், தட்டை முகம் இதுதான் என் கை முதலில் போகும் பிட். பாறை மிதமாக, வெடிப்பு நிறைய இருந்தால் நடுவில் குழிந்த முகம் நல்லது, போர் கோணாமல் நேராக இறங்கும்.

எங்களை ரொம்பச் சோதிப்பது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் 340 அடியில் இருந்தோம், 20 அடி ராடு ஒன்று பதினைந்து நிமிடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கரும்பழுப்பாக வந்த தூள் திடீரென்று வெளுத்தது. கையில் எடுத்து நனைத்துப் பார்த்தால் சர்க்கரை மாதிரி நறநறவென்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பாலிஸ்டிக் பிட்டை மேலே தூக்கி ரவுண்டு பட்டன் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். "இன்னும் ரெண்டு ராடு பாத்துட்டு மாத்திக்கலாம்" என்று வண்டி முதலாளி போனில் சொன்னார், நானும் ஓட்டினேன். தூக்கும்போது ஓர வரிசையில் மூன்று பட்டன் இல்லை. உடைந்த கார்பைடு அடியிலேயே கிடந்தது, மேலே இருக்கும் சுவரோ தேய்ந்த பிட் தோண்டியதால் ஒடுங்கி இருந்தது. அதில் புத்தம் புது பிட்டை இறக்கினோம், 310 அடியில் இறுகிக்கொண்டது. ரெண்டு ராத்திரி போராடியும் ஹேமர் வெளியே வரவில்லை, போரை அப்படியே விட வேண்டியதாயிற்று. அந்தத் தோட்டத்து அம்மா நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததில் பாதி தப்பு பட்டன் வகையில், மீதி பிட் அளவில். ஓர வரிசைப் பட்டன் தேயத் தேய பிட்டின் விட்டம் குறையும், 165 மில்லிமீட்டரில் ஆரம்பித்தது 160-க்கு வரும், அந்த ஒடுங்கின குழிக்குள் புது பிட் போகாது. அதனால்தான் நல்ல டிரில்லர் பெரிய பிட்டில் தொடங்கி, கீழே போகப் போக அதைவிடச் சின்ன பிட்டாக வரிசைப்படுத்தி வைத்திருப்பார். போர் ரொம்ப ஒடுங்கினால் 6 இன்ச் மோட்டார் உரசிக்கொண்டு இறங்கும், நாளைக்கு மோட்டாரைத் தூக்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

சாணை பிடிப்பதும் பிட் தேர்வில் சேர்ந்ததுதான். பட்டன் தலையில் தேய்ந்து தட்டையான வட்டம், பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. 16 மில்லி பட்டன் என்றால் 5 மில்லி தட்டை. அதற்கு மேல் ஓட்டினால் பாறை நொறுங்காது, அடியெல்லாம் பிட்டுக்கே திரும்பி பட்டன் விரிசல் விடும். அப்புறம் சுழற்சி. கெட்டிப் பாறையில் நிமிடத்துக்கு 20 சுற்று பக்கம் மெதுவாக, மெத்தென்ற பாறையில் 30, 40 என்று ஏற்றலாம். வெங்கச்சங்கல்லில் வேகமாகச் சுற்றினால் ஓரப் பட்டன் ஒரே நாளில் போய்விடும்.

இதெல்லாம் கெட்டிப் பாறை ஊருக்குத்தான். தஞ்சாவூர், நாகப்பட்டினம் டெல்டா மாதிரி மணலும் களியுமான இடத்தில் ஹேமருக்கு வேலையே இல்லை. அங்கே பென்டோனைட் என்ற களிமண் சேற்றை ஓடவிட்டுச் சுற்றும் ரோட்டரிதான், இறக்கை வைத்த டிராக் பிட் அல்லது மூன்று உருளை பிட். இங்கே இருந்து ஹேமர் வண்டியைக் கூட்டிப்போனால் குழி சரிந்துகொண்டே இருக்கும்.

வண்டி வரும் அன்று காலையில், ராடு ஏற்றும் முன்பே பிட்டுகளை இறக்கித் தரையில் வைக்கச் சொல்லுங்கள். "எத்தனை பிட் கொண்டு வந்திருக்கீங்க, ஒவ்வொண்ணும் எத்தனை மில்லி?" என்று கேட்டு, டேப்பில் ஓரத்துக்கு ஓரம் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து தூக்கின பிட்டையும் அளங்கள். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கைப்பிடித் தூளை வரிசையாகக் காகிதத்தில் கொட்டி வைக்கச் சொல்லுங்கள், நிறம் எங்கே மாறுகிறதோ அங்கே டிரில்லரை நிறுத்திக் கேளுங்கள். முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு தூள் உங்கள் மேல் வராதபடி காற்று வீசிவரும் பக்கமாக நில்லுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெங்கச்சங்கல் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது, என்னோடு வேலை செய்த ரெண்டு பேர் இன்றைக்கும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறார்கள்.