சிப்பியில் இருந்த ஓட்டை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தொண்டியில் வசிக்கிறேன். என் மகள் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘கடல்வாழ் உயிரினங்கள்’ என்று புராஜெக்ட் கொடுத்தார்கள். நானும் கணவரும் நள்ளிரவு வரை விழித்திருந்து, தெர்மோகோலில் கடல் செய்து, சுறா, டால்பின், பெங்குயின் எல்லாம் ஒட்டிக் கொடுத்தோம். முதல் பரிசு கிடைத்தது. ஆனால் வகுப்பில் எழுப்பிக் கேட்டபோது அவளுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லையாம். நாங்கள் உதவியது தவறா? அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதுபொருள் கடைகளில் இத்தகைய மாதிரிகள் ஆயத்தமாகவே விற்பனைக்கு வந்துவிட்டதைப் பார்த்து மனம் நொந்திருந்த வேளையில் உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் தலைகுனிந்துவிடக் கூடாதே என்ற உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நீங்கள் அவளுடைய வேலையைப் பிடுங்கிக்கொண்டீர்கள். பரிசு உங்களுக்குக் கிடைத்தது. எல்லோர் முன்னிலையிலும் வாயடைத்து நின்ற வேதனை அவளுக்குக் கிடைத்தது.

பள்ளியின் தவறு இதைவிடப் பெரிது. ஏழு வயதுக் குழந்தையால் தெர்மோகோலை அறுக்க முடியாது என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே உத்தரவிட்டது. புராஜெக்ட் என்று பெயர் மாற்றினால் மட்டும் அது வீட்டுப்பாடம் இல்லாமல் போய்விடுமா? புராஜெக்ட் முறையை 1918இல் விரித்தெழுதிய அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக், குழந்தை தன் சொந்த நோக்கத்தோடு முழுமனதாக ஈடுபடும் செயலையே அதன் உயிராகக் கருதினார். பெற்றோரின் இரவுத் தூக்கத்துக்கு அதில் வேலையே இல்லை.

மண்டபம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று, ஒதுங்கிக் கிடந்த வெற்றுச் சிப்பிகளைச் சாக்கில் பரப்பி, “பிரித்து வையுங்கள்” என்று மட்டும் சொன்னார். எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை நிறம் பார்த்தது, ஒரு பிள்ளை அளவு பார்த்தது. நண்டு வலைக்காரர் வீட்டுப் பையன் மட்டும் ஓட்டை உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு குவியல் வைத்தான். ஏன் என்று கேட்டதற்கு, “இதுல நூலு கோக்கலாம் டீச்சர்” என்றான்.

அந்த ஓட்டை, சிப்பியின் இரண்டு மூடிகளும் சேரும் மூட்டுக்கு அருகில், அளவெடுத்துத் துளைத்ததுபோல் வட்டமாக, விளிம்பு உள்நோக்கிச் சரிந்து இருந்தது. ஆணி குத்தியது என்றார்கள், வெயிலில் வெடித்தது என்றார்கள். ஆசிரியை அவசரப்படாமல் எல்லோரையும் பேசவிட்டு, இரண்டு குவியலையும் எண்ணவும் வைத்த பிறகுதான், ஊன் தின்னும் ஒருவகைக் கடல்நத்தை சிப்பியைக் கவ்விப் பிடித்து, பல் நிறைந்த நாக்கால் அராவித் துளைத்து, உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிடுகிறது என்று விளக்கினார். உடனே அத்தனை பேரும் அந்த நத்தையின் கூட்டைத் தேடிக் குவியலைக் கிளறத் தொடங்கினார்கள்.

எது எதோடு சேரும் என்று முடிவு செய்யாமல் எதையும் எண்ண முடியாது. ஐந்து என்று சொல்வதற்கு முன்பே, இவை ஒரே கூட்டம் என்று குழந்தை தீர்மானித்தாக வேண்டும். காரணம் மாறினால் அதே சிப்பி வேறு குவியலுக்குப் போகும் என்பதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் ஒரே நேரத்தில் பிடிபடுகின்றன. அந்தக் காரணம் பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பெரியவர்கள் பிரித்து வைத்ததன்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவது கற்றல் ஆகாது.

பள்ளி மாற்றுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துச் செயல்பாடுகளோடு கற்பிக்கிறார்கள். அங்கும் எல்லாம் ஆசிரியரைப் பொறுத்ததே.

அடுத்த முறை தெர்மோகோல் வாங்காதீர்கள். மீன்கூடை வாசலுக்கு வரும்போது சூடை, காரல், நகரை, கணவாய், இறால் எனக் கிடைப்பதில் கொஞ்சம் வாங்கித் தாம்பாளத்தில் போட்டு, அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். கணவாயை ஏன் தனியே வைத்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். படத்தை அவளே வரையட்டும், கோணலாக வந்தால் கோணலாகவே அனுப்புங்கள். பரிசு வேண்டாம், அவள் பேசுவதற்கு வகுப்பில் சிறிது நேரம் மட்டும் கொடுங்கள் என்று ஆசிரியரை நேரில் பார்த்துக் கேளுங்கள்.