டேஷ்போர்டில் கிடக்கும் சீட்டு

வணக்கமுங்க,

புற்றுநோய் வந்த உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால்தான் இதைக் கேட்கத் தோன்றியது. எங்களுக்கு அந்தியூர்ப் பக்கம் விவசாயம். மஞ்சள், வாழை, நாலு மாடு. என் மனைவிக்கு ஏழு வருஷம் முன்பு மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, ஐந்து வருஷம் மாத்திரையும் சாப்பிட்டு, இனிப் பயமில்லை என்று பண்ணாரிக்குப் போய் வேண்டுதலையும் முடித்துவிட்டு வந்தோம். இப்போது முதுகெலும்பிலும் இடுப்பிலும் திரும்ப வந்துவிட்டது. அவளிடம் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருக்கிறோம், மகனும் அப்படியே சொல்லச் சொல்கிறான். ராத்திரி வலி தாங்காமல் எழுந்து போய் மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். கோவையில் டாக்டர் புது மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். கூடவே 'பாலியேட்டிவ்' என்று ஒரு சீட்டு எழுதி, மார்ஃபினும் எழுதியிருக்கிறார். கையை விரித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? மார்ஃபின் போதை மருந்து, பழகிவிடும், கடைசியில் கொடுப்பது என்கிறார்கள். சீட்டைக் கார் டேஷ்போர்டிலேயே வைத்துவிட்டேன், மூன்று வாரம் ஆகிறது. நான் செய்வது சரிதானுங்களா? பெயர் போட வேண்டாம்.

*

அண்ணா,

முதலில் போய் அந்தச் சீட்டை எடுத்து வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கையை விரிக்கும் டாக்டர் புது மாத்திரை ஆரம்பிக்க மாட்டார். பாலியேட்டிவ் என்பதை நம் அரசு ஆஸ்பத்திரிகளில் நோய் ஆதரவு சிகிச்சை என்று எழுதியிருப்பார்கள். வலி, வாந்தி, தூக்கம், மூச்சு, மனசு, இவற்றைப் பார்ப்பதற்கென்றே இருக்கிற வைத்தியம் அது. புற்றுநோய்க்கான மருந்து ஒரு பக்கம் ஓடும்போதே இதுவும் கூட ஓடலாம், ஓட வேண்டும். 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நோய் தெரிந்ததுமே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், ஆயுளும் சராசரியாக இரண்டு மூன்று மாதம் கூடவே இருந்தது. அண்ணிக்கு இருப்பது வேறு புற்றுநோய், கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வலிக்கு மருந்து கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடும் என்கிற பயத்துக்கு இது பதில்.

மார்ஃபின் விஷயத்துக்கு வருகிறேன். குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அந்தச் செடியின் காயைக் கீறி எடுக்கிற பாலிலிருந்துதான் அது வருகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் வாங்கிப் பயிர் வைக்கிறார்கள். உங்கள் மஞ்சள் மாதிரி அங்கே அது ஒரு வெள்ளாமை. இவ்வளவு விளைந்தும் நம் ஊர் நோயாளிக்குக் கிடைக்காமல் போனதற்கு 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் ஒரு பெரிய காரணம். ஒரு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்காரர்கள் நாலைந்து உரிமம் வைத்திருக்க வேண்டியிருந்தது, நமக்கேன் வம்பு என்று பலர் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். ஆனாலும் நம்மூர் மருந்துக்கடையில் கேட்டால் இன்றும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என்னையும் பார்த்தார்கள். அதனால் கடை கடையாக அலையாதீர்கள், சீட்டு எழுதிய ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள்.

புற்றுநோய் வலிக்கு டாக்டர் பார்வையில், சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது அபூர்வம். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். வலி வந்த பிறகு தரலாம் என்று காத்திருந்தால் அந்த வலியை விரட்ட இன்னும் அதிகம் தேவைப்படும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதற்கு மருந்து முதல் நாளிலிருந்தே கூடக் கொடுக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் பட்ட பாட்டை எழுத முடியாது. எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாகக் கூட்டவோ, திடுதிப்பென்று நிறுத்தவோ வேண்டாம்.

எலும்பு வலிக்குக் கரண்ட் வைப்பதும் உண்டு. முன்பு அண்ணிக்கு வைத்த மாதிரி வாரக்கணக்கில் இல்லை, சில பேருக்கு ஒரே தடவை வைத்தாலே போதும். அதையும் கேளுங்கள். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன் பல்லைக் காட்டிவிடுங்கள், ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு.

அப்புறம் ஒன்று, இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். முதுகெலும்பில் இருப்பதால், கால் திடீரென்று பலமில்லாமல் போனாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் அழுந்தினால் மணிக்கணக்குதான். தாமதித்தால் நடை திரும்பாது.

சரி, எலும்புத் தேய்மானத்துக்கு வருவோம்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் குடலில் வந்தது, இரண்டாவது தடவை ஈரலில். ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் பதினோரு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ஈரல் வீக்கம், மாத்திரையில் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டுச் செலவு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "பால் சொசைட்டி பாஸ்புக்கை எடுத்து வை, உம் பேருக்கு மாத்தணும்" என்றார். ஸ்கேன் சென்டரில் அவருடைய போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். ரிப்போர்ட் என் கைக்கு வருவதற்கு முந்தின நாளே அவர் போனில் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் ஒடிந்துபோவேன் என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், பதினோரு நாள். அவரை இழந்ததைவிட அந்தப் பதினோரு நாளை வீணடித்ததுதான் சில ராத்திரிகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அண்ணி கீமோவையும் ஆபரேஷனையும் பார்த்தவர். ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டவர். தேய்மானத்துக்குக் கோவையில் எந்த வார்டில் உட்கார வைப்பார்கள், எந்த வார்டில் உட்கார வைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா? அவர் கட்டுத்தரைக்குப் போவது காற்றுக்காக என்றா நினைக்கிறீர்கள்? முனகல் உங்கள் காதில் விழக் கூடாது என்றுதான், எனக்கு அப்படித்தான் படுகிறது.

அதற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். அடுத்த ராத்திரி அவர் எழுந்து போகும்போது நீங்களும் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "உனக்கு என்னன்னு தோணுது?" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னால் அது வேறு, அது அவர் முடிவு. மகன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை. டாக்டரிடம் போகும்போது அவரையும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மருந்து எதற்காக, குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா? இப்படித் திரும்பி வந்ததை வேரோடு எடுப்பது பெரும்பாலும் நடக்காது, ஆனால் எலும்போடு நிற்கிறபோது பல வருஷம் கட்டுக்குள் இருப்பவர்கள் உண்டு. அந்த வருஷங்களில் என்ன செய்யலாம் என்பதில் அவருக்கும் ஒரு யோசனை இருக்கும்.

ஒறம்பரை வரும். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கொல்லிமலை மூலிகை, "எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரிதான்" என்று ஒரு கதை. காபி கொடுத்து அனுப்புங்கள், மூலிகையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கோவைக்கு ஒவ்வொரு தடவையும் அலைய முடியாவிட்டால், 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆதரவு சிகிச்சை நர்சு வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். உங்கள் சுகரையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுகர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, நம்மூரில் இந்த வயசுக்கு இருக்குமென்று நானாகச் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நாலு மாடு என்று எழுதினீர்கள், யார் கறக்கிறார்கள் என்று எழுதவில்லை. இத்தனை வருஷம் கறந்தது அண்ணி என்றால், வலி அடங்கிய பிறகு, உயரமான முக்காலி போட்டு ஒரு மாட்டையாவது கறக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குடத்தை மட்டும் நீங்கள் தூக்குங்கள்.